இடது மிதவை, மூன்றாம் அறை

பங்குனி. வாடை போய்விட்டது,
சோளகம் இன்னும் பிறக்கவில்லை.
மண்டைதீவுக்கும் அல்லைப்பிட்டிக்கும் நடுவே
பரவைக்கடல் மூச்சுவிடாமல் கிடக்கிறது.
அறுநூறு அடியில் நான்.
மேலே ஒரு மேகம், கீழே அதே மேகம்.
எதில் இறங்குவது?

தண்ணீர் தெளிந்திருந்தால் நல்லதென்று
பயணிகள் நினைப்பார்கள்.
மிதவை விமானம் ஓட்டுகிறவளுக்கு
வேண்டியது சுருக்கம் விழுந்த கடல்,
அழுக்கு நுரை, மிதக்கிற தென்னம்மட்டை,
உயரம் சொல்ல ஏதாவது ஒன்று.
கண்ணாடித் தண்ணீர்
ஐம்பதடியை ஐந்தடி என்று நம்பவைக்கும்.
ஐந்தை ஐம்பதென்றும்.

பெனடிற்றோடு நான் கதைத்து மூன்று கிழமை.

அன்று காலை
மிதவை அறைகளுக்குள் கைப்பம்பை விட்டு
ஊறிய தண்ணீரை இழுத்தெடுப்பது என் முறை.
"எத்தனை இழுப்பு?"
"பத்து" என்றேன்.
இடது மிதவையின் மூன்றாம் அறையை
நான் திறக்கவே இல்லை.
அவன் குனிந்தான், திறந்தான், இழுத்தான்,
ஒன்று, இரண்டு என்று உரத்து எண்ணினான்
பெற்றோல் கலனோடு நின்ற பொடியன் கேட்க,
புதிதாய்ப் பழக வந்த இரண்டு பேரும் கேட்க.
நாற்பத்தொன்றில்தான் பம்ப் காற்றை உறிஞ்சியது.
பதிவேட்டில் என் பெயரை முழுதாக எழுதினான்:
தவநிதி செபமாலை. ஏழு நாள் பறக்கக்கூடாது.

அதற்குப் பிறகு நான் அவனைத் திட்டியதெல்லாம்
இங்கே எழுத ஏலாது.

அவன்தான் இப்போது றேடியோவில்.
"நிதி, கீழ பாராதை.
கரையைப் பிடி. பனையள் உன்ர இடது தோளுக்கு நேரை நிக்கட்டும்.
மூக்கை ஒரு சொட்டுத் தூக்கி வை.
நிமிசத்துக்கு நூற்றைம்பது அடி.
பேந்து ஒண்டும் செய்யாதை."

ஒன்றும் செய்யாமலிருக்க
எனக்கு இரண்டு வருடம் எடுத்தது.

கரையைப் பிடிப்பதென்றால் கரைக்கு வெளியே.
வீடுகளுக்கு மேல்
ஆயிரத்து ஐந்நூறு அடிக்குக் கீழே வருவதில்லை,
இது எங்கள் நாலு பேரின் சட்டம்,
எந்தப் புத்தகத்திலும் தேடவேண்டாம்.
எஞ்சின் சத்தம் கேட்டால் இன்றைக்கும்
அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரோடு ஒட்டுகிறவர்கள்
அந்தக் கூரைகளுக்குக் கீழே இருக்கிறார்கள்.
பெனடிற்றின் அக்கா அவர்களில் ஒருத்தி.

களங்கண்ணித் தடிகளுக்கு அப்பால்
ஒரு நீலப் படகு.
வலை ஏற்றாத படகு
குறுக்கும் நெடுக்கும் ஏன் ஓடுகிறது?
ஒரு கையில் சுக்கான், மறு கையில் றேடியோ,
இயந்திரத்தை முழுக்கத் திருகிவிட்டு
ஒருவன் கண்ணாடியைக் கீறிக்கொண்டிருக்கிறான்.
பாராதே என்றவன்
பார்ப்பதற்கென்று ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறான்.

நூறு. எண்பது.
உயரமானியின் முள் நடுங்குகிறது,
அது மட்டும்தான் என்று சொல்லமாட்டேன்.
கோடு அகலமாகி அலையாகிறது.
அலைக்கு ஒரு நிழல் வருகிறது.
பிறகு,
கதவுக்குக் கீழால் யாரோ கடிதம் தள்ளியதுபோல்
தொட்டதா என்று தெரியாத ஒரு கணம்.
பிறகு இரைச்சல், வெள்ளை, இருக்கைப் பட்டி நெஞ்சில் இறுக
தண்ணீர்.

முன்விசிறி முற்றாக நிற்கும்வரை
அவன் தள்ளியே நின்றான். அவன் அப்படித்தான்.
பிறகு படகைச் சரித்துக் கிட்டக் கொண்டுவந்தான்.
"பெற்றோல் காசு தா."
"எவ்வளவு?"
"ரெண்டு லீற்றர்."

நான் மிதவையில் இறங்கினேன்.
மூன்றாம் அறையின் மூடியைக் கழற்றி
பம்பை விட்டேன்.
அவன் எண்ணவில்லை.
நான் எண்ணினேன், உரத்து,
தடிகளில் சிறகு விரித்திருந்த நீர்க்காகங்கள் கேட்க.
ஆறு. ஏழாவதில் காற்று.

மூடியைத் திருகி நிமிர்ந்து பார்த்தேன்.

"வலது பக்கம்?" என்றான்.